ஒன்பதாக வேண்டிய எட்டு

என் தங்கையின் கணவர் ஒரு சிகரெட் அட்டையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் அதற்கு எண் வாங்கி வந்தார். எட்டு கிடைத்தது. அவருக்கு ஒன்பது வேண்டும். அதற்காக அந்த அட்டையை மறுபடியும் அனுப்புவதா வேண்டாமா என்று எங்கள் குடும்பம் ஒரு கோடைகாலம் முழுவதும் பேசியது. ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கக்கூட எங்கள் வீட்டில் அவ்வளவு பேசியதில்லை.

சிகரெட் அட்டை என்றால் இப்போது இருக்கிறவர்களுக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைப்பார்கள். ஒரு பக்கம் படம். கப்பல், குதிரை, ராணி, கிரிக்கெட் ஆட்டக்காரன் என்று ஏதாவது. மறுபக்கம் அதைப் பற்றி நாலு வரி இங்கிலீஷ். சிகரெட் புகையாகப் போய்விடும், அட்டை நிற்கும். அதைச் சேர்ப்பதற்கென்று உலகத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. அட்டையின் மூலை மழுங்கியிருக்கிறதா, படம் நடுவில் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் போட்டு, கெட்டி பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, திறக்க முடியாதபடி ஒட்டிக் கொடுக்க அமெரிக்காவில் கம்பெனி இருக்கிறது. அதில் படித்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். காலையில் குளித்து, சட்டை மாட்டி, இதைச் செய்யத்தான் கிளம்பிப் போகிறார்கள்.

அந்தக் கூட்டை மாப்பிள்ளை 'ஸ்லாப்' என்பார். எங்கள் ஹைதராபாத்தில் ஸ்லாப் போடுவது என்றால் வீட்டுக்குக் கூரை போடுவது. அவருடைய ஸ்லாபுக்குக் கீழே சுண்டு விரல் அளவுக்கு ஒரு வெள்ளைக்காரன் மட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றான். யாரோ பெரிய ஆட்டக்காரனாம். எனக்குத் தெரியாது.

அட்டைகள் என் பெரியப்பாவுடையவை. இங்கே திருமுல்கேரியில் ராணுவ ஆபீசர்கள் மெஸ்ஸில் பட்லராக இருந்தவர். மேஜை துடைக்கும்போது ஆபீசர்கள் விட்டுப் போன அட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தது. சேர்த்தாரே தவிர மதிக்கவில்லை. வீட்டு மேஜை ஒரு பக்கம் ஆடியபோது ஒரு கப்பல் அட்டையை நாலாக மடித்துக் காலுக்கடியில் வைத்தார். அதற்கு அமெரிக்காவில் என்ன எண் போடுவார்களோ, மேஜை ஆடவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. லோத்குண்டாவில் இருந்த அவர் வீட்டோடு டின்னும் என்னிடம் வந்தது. பீரோவின் மேல்தட்டில், பழைய பாட்டுப் புத்தகங்களுக்குப் பின்னால், பல வருடம் இருந்தது.

நான் பத்தாவது வரை படித்தவன். ராமச்சந்திராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் செக்கராக வேலை பார்த்தேன். லேத்தில் கடைந்து வரும் பின்களையும் புஷ்களையும் அளவு பார்ப்பது என் வேலை. அதற்கு இரண்டு வாய் உள்ள ஒரு கேஜ் உண்டு. பின் ஒரு வாய்க்குள் போக வேண்டும், மற்ற வாய்க்குள் போகக் கூடாது. போகக் கூடாத வாய்க்குள் போய்விட்டால் அது கழிவு. சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு வைத்து வேறு பெட்டியில் போடுவேன். கிட்டத்தட்டச் சரி, பார்க்க நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் அங்கே கிடையாது. பேச வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு அந்த வேலை பிடித்ததற்கு அதுதான் பெரிய காரணம். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு நாக்கு எழாது.

மாப்பிள்ளை பாளையங்கோட்டைக்காரர். கம்ப்யூட்டர் படித்து, இங்கே கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிய வருடங்களில் வந்து, எங்கள் சபையில் என் தங்கையைப் பார்த்துக் கட்டிக்கொண்டார். நல்ல மனிதர்தான். ஆனால் கழுத்தில் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவார். அது இல்லாவிட்டால் ஆண்டவருக்கு அவரை அடையாளம் தெரியாதோ என்னவோ. எதையும் தமிழில் தொடங்கி இங்கிலீஷில் முடிப்பார். ஒரு கிறிஸ்மஸ் அன்று என் வீட்டில் கேக் சாப்பிட்டுக்கொண்டே டின்னைத் திறந்து பார்த்தவர், பாதிக் கேக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"மச்சான், இது என்னன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"சிகரெட் அட்டை."

"அய்யய்ய, சும்மா சிகரெட் அட்டைங்கியளே. இதுக்கு வெளிய என்ன மார்க்கெட் தெரியுமா?"

எனக்குத் தெரிந்த மார்க்கெட் காய்கறி வாங்கும் மோண்டா மார்க்கெட் ஒன்றுதான். அதைச் சொல்லாமல் இருந்துகொண்டேன்.

அவர் ஆறு மாதம் அமெரிக்காவில் கம்பெனி வேலையாகப் போனபோது பதினாலு அட்டைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார். வருவது பாதிப் பாதி என்றார். சரி என்றேன். அப்போது நான் ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்தப் பதினாலில் ஒன்று, மட்டை தூக்கிய வெள்ளைக்காரன், வெட்டப்பட்டவன். வெட்டியது நான்.

எங்கள் வீடுகளில் வாக்குத்தத்தப் பெட்டி என்று ஒன்று உண்டு. வேத வசனங்கள் அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகள் ஒரு மரப்பெட்டியில் வரிசையாக நிற்கும். புது வருடத்தன்று காலையில் ஆளுக்கு ஒன்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். வந்த வசனம் அந்த வருடத்துக்கு ஆண்டவர் தந்த வாக்கு. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, பெரியப்பாவின் டின்னிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அந்த வரிசையில் சொருகி வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை வந்தது. வாயில் வராத குறும்பெல்லாம் கையில் வரும் வயது. கிரிக்கெட்காரன் பெட்டியின் அகலத்துக்கு மயிரிழை பெரியவனாக இருந்தான். அப்பாவின் சவர பிளேடை எடுத்து, ஸ்டீல் ஸ்கேலை வைத்து, இரண்டு பக்கமும் ஒரே இழுப்பில் சீவினேன். சுத்தமான வெட்டு. அன்றைக்கே எனக்குக் கை நன்றாக இருந்தது.

அந்தப் புது வருடத்தில் அட்டையை எடுத்தது வீட்டுக்கு வந்திருந்த பாஸ்டர் ஐயா. கண்ணைத் திறந்து பார்த்தார். முன்பக்கம் மட்டைக்காரன். திருப்பினார். பின்பக்கம் அவன் எத்தனை ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றான் என்று எழுதியிருந்தது. ஐயா அதை நிதானமாகப் படித்துவிட்டு, "இந்த வருஷம் நம்மள அவுட்டாக்க ஆளில்ல, ஸ்தோத்திரம்" என்று சொல்லிப் பெட்டியை அடுத்தவரிடம் தள்ளினார். அவர் போன பிறகு அப்பா என்னை பெல்ட்டால் அடித்தார். அட்டை டின்னுக்குத் திரும்பிப் போனது.

மாப்பிள்ளை எடுத்துக்கொண்டு போனபோது நான் வாயைத் திறக்காததற்குக் கூச்சம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. இவ்வளவு பெரிய கம்பெனியின் இவ்வளவு பெரிய கண்ணாடிகள் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனின் சவர பிளேடைக் கண்டுபிடிக்கின்றனவா என்று பார்க்க நினைத்தேன். வெட்டின அட்டைக்கு அவர்கள் எண் போடவே மாட்டார்கள், அது தள்ளுபடி என்று மாப்பிள்ளையே சொல்லியிருந்தார்.

பதினாலும் திரும்பி வந்தன. டின்னைவிட்டு வெளியே வராத, யாரும் தொடாத, ஒழுங்கான பதிமூன்று அட்டைகளுக்கு மூன்று, நாலு, ஒன்றே ஒன்றுக்கு ஐந்து. நான் வெட்டியதற்கு எட்டு.

மாப்பிள்ளை அந்த ஸ்லாபை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "கார்னர்ஸ் பாருங்க மச்சான். நாலும் ஊசி மாரி இருக்கு. இத்தன வருசத்துக்கு அப்புறம் இப்பிடி இருக்கதுதான் ரேர்."

இருக்காதா பின்னே. மற்ற அட்டைகளின் மூலை எழுபது வயது மூலை. இதன் மூலை என் பிளேடுக்குப் பிறந்தது. நேர்மையாக வயதானதற்கு மூன்று, திருட்டுத்தனமாக முகம் வழித்துக்கொண்டதற்கு எட்டு. இந்த அறிவுக்காக மனிதர்கள் கடல் தாண்டிப் போகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பட்டறை முதலாளி இத்தனை வருடத்தில் என் வேலையைப் பார்த்து எட்டு போட்டதில்லை.

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. அடுத்த வருடம் அமெரிக்காவில் பாங்குகள் விழுந்தன. இங்கே கண்ணாடிக் கட்டடங்களில் ஆட்களை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வேலை இல்லை, பாதிச் சம்பளம் உண்டு, அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது, அதற்குப் பெயர் பெஞ்ச். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவது தண்டனை. இவர்கள் அதை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு டை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையும் உட்கார்ந்தார். மியாப்பூரில் கடன் வாங்கி ஃபிளாட் வாங்கியிருந்தார். தவணை பெஞ்சில் உட்காரவில்லை.

அவருடைய கம்பெனியில் மனிதர்களுக்கும் எண் போடுவார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரை. அவருக்கு அந்த வருடம் மூன்று. நாலாக்கச் சொல்லி மேலே எழுதிப் போட்டார். மறுபடி பார்த்தும் மூன்றே என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் அட்டை மேல் அவருக்கு வெறி வந்தது என்று நினைக்கிறேன். இன்டர்நெட்டில் இங்கிலாந்துக்காரர் ஒருவரைப் பிடித்திருந்தார். எட்டு என்று எழுதிய ஸ்லாபை அப்படியே கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தயார் என்று அவர் எழுதியிருந்தார். வருவது ஃபிளாட்டுக்கு நாலைந்து மாதத் தவணைக்கு ஆகும். ஆனால் ஒன்பது வந்தால் ஒரு வருடத்துக்கே கவலையில்லை என்பது மாப்பிள்ளையின் கணக்கு.

ஞாயிறு தோறும் ஆராதனை முடிந்து அவரும் தங்கையும் லோத்குண்டாவுக்கு வந்துவிடுவார்கள். அவர் பையில் ஸ்லாப் இருக்கும், விளக்கு வைத்த பூதக்கண்ணாடி இருக்கும், மெல்லிய ரப்பர் கையுறை இருக்கும். கூட்டுக்குள் இருக்கும் அட்டையைத் தொடவே முடியாது, பிறகு கையுறை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"சென்டரிங் பாருங்க மச்சான். இடது பக்கம், வலது பக்கம், ரெண்டும் ஒண்ணா இருக்கு. அவன் எட்டு போட்டது தப்பு. அன்னைக்கு அவனுக்கு மூடு சரியில்ல. வேற ஆள் பாத்தா கண்டிப்பா ஒம்போது."

"வேற ஆள்தான் பாப்பான்னு என்ன நிச்சயம்?" என்று என் தங்கை கேட்டாள்.

"பாக்க வைக்கணும். ஸ்லாபோட அனுப்பினா பழைய நம்பரப் பாத்துட்டு அதையே போட்ருவான். ஒடச்சி எடுத்து, புதுக் கார்டு மாரி அனுப்பணும். எல்லாவனும் அப்பிடித்தான் செய்யுதான்."

"ஒடச்சிட்டா எட்டு போயிடுமே."

"போவும்."

"ஏழு வந்தா?"

"வராது."

"ஏழு வந்தா என்னா பண்ணுவீங்க, அத சொல்லுங்க."

"நீ நெகட்டிவாப் பேசாத."

"நான் கைக்கு நெகட்டிவாப் பேசறேன். வீட்டுக்குப் பணம் கட்டணும்ல. வெள்ளைக்காரன் குடுக்கறேங்கறான், குடுத்துட்டு சும்மா இருங்க. ஒம்பது நக்கோ, ஒண்ணும் நக்கோ."

இங்கே பிறந்து வளர்ந்தவள், கோபம் வந்தால் ஹைதராபாத் பேச்சு வரும்: கைக்கு என்றால் எதற்கு, நக்கோ என்றால் வேண்டாம். இப்படி ஒரு ஞாயிறு அல்ல, ஆறு ஏழு ஞாயிறு. இதற்கென்று இன்டர்நெட்டில் ஆட்கள் கூடிப் பேசும் இடம் ஒன்று இருந்தது. அங்கே அவர் அட்டையைப் படம் பிடித்துப் போட்டு, அனுப்பலாமா கூடாதா என்று கேட்டிருந்தார். பார்த்தறியாத நாற்பது பேர் பதில் சொல்லியிருந்தார்கள். அதைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து எனக்குப் படித்துக் காட்டினார். அதில் ஒருவன், இது எட்டரை மாதிரி இருக்கும் எட்டு என்று எழுதியிருந்தான். இன்னொருவன், ஒன்பதுக்குப் பக்கத்தில் போகாத நல்ல எட்டு என்று எழுதியிருந்தான். இதை எழுதியவர்கள் பல்லெல்லாம் முளைத்த பெரியவர்கள், வாக்குரிமை உள்ளவர்கள்.

எங்கள் பட்டறையிலும் இந்த வியாதி இருந்தது. நான் காலை ஷிப்டில் சிவப்புப் பொட்டு வைத்துக் கழித்த பின்களை மேஸ்திரி தின்னர் தொட்ட துணியால் துடைத்து, சாயங்கால ஷிப்ட் செக்கரிடம் கொண்டுபோவான். அந்த ஆள் டீக்குப் போகும் அவசரத்தில் கேஜை எடுக்காமலே பாஸ் பண்ணிவிடுவார். மறுநாள் மேஸ்திரி என்னிடம் வந்து, "நீ கழிச்சதை அவர் பாஸ் பண்ணாரே, ஒன் கண்ணு சரியில்ல, டாக்டரைப் பாரு" என்பான். பின் அப்படியேதான் இருக்கும். இரவில் அது ஒரு மயிரிழைகூடப் பருத்திருக்காது. மாறியது பார்த்த ஆள் மட்டும். அதை அவன் வெற்றி என்று நினைத்தான். மேஸ்திரி நாலாவது வரை படித்தவன், அதனால் அவன் செய்ததற்குத் திருட்டு என்று பெயர். மாப்பிள்ளை பொறியியல் படித்தவர். அவர் செய்ய நினைத்ததற்கு இங்கிலீஷில் ஒரு நல்ல பெயர் இருந்தது.

ஆனால் மேஸ்திரியைப் பார்த்து நான் சிரித்ததைப் போல இவரைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. சாயங்கால செக்கர் கேஜை எடுத்தால் என்ன ஆகும் என்பது இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். வேறொருவன் உண்மையிலேயே ஸ்கேலை எடுத்து அளந்தால் வருவது ஒன்பதும் இல்லை, ஏழும் இல்லை. வெட்டியது என்று எழுதித் திருப்பி அனுப்புவான். எட்டும் போய், இங்கிலாந்துக்காரரும் போய், தவணையும் நிற்கும். நான் வெட்டியதைச் சொல்லாமல், அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சொன்னால், வெட்டின அட்டை எட்டு என்ற பெயரில் அந்த இங்கிலாந்துக்காரர் தலையில் விழும். இரண்டுக்கும் காரணம் நான்.

பள்ளிகள் திறந்த வாரத்து ஞாயிறு. ஆராதனை முடிந்து பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார்கள். சாப்பிட்டு முடித்து மேஜையைத் துடைத்ததும் மாப்பிள்ளை நியூஸ்பேப்பர் விரித்து, அதன் நடுவில் ஸ்லாபை வைத்து, பக்கத்தில் புதிதாக வாங்கிய கட்டிங் பிளையரை வைத்தார். விலைச்சீட்டு அதில் இன்னும் ஒட்டியிருந்தது. அவருடைய பழைய டீமில் ஒருவன் புதன்கிழமை அமெரிக்கா போகிறானாம். அவன் கையில் கொடுத்துவிடலாம்.

"மச்சான், கார்டு ஒங்களுது. நீங்க சரின்னு சொல்லணும். அப்புறம் ஒடைக்க வேண்டியதும் நீங்கதான். எனக்குக் கை நடுங்குது. பட்டறைக்காரர், ஒங்க கை அசையாது."

"அண்ணா, நக்கோன்னு சொல்லு," என்றாள் தங்கை. "நீ சொன்னா கேப்பாரு. என் பேச்சு எடுபடாது."

"அவரை விடு. யோசிச்சிச் சொல்லட்டும்."

நான் அட்டையைப் பார்த்தேன். என்னுடையதாக இருந்த அட்டைக்கு ஒரு கூடு போட்டு, அதற்கு மேல் ஒரு எண் போட்டு, கடைசியில் என் கையெழுத்துக்காகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் குடித்தேன்.

"மாப்பிள்ளை, அது வெட்டின அட்டை."

"என்னது?"

"ரெண்டு பக்கமும். நான் சின்னப் பையனா இருக்கறப்ப பிளேடால சீவிட்டேன். வசனப் பெட்டிக்குள்ள போகலேன்னு."

மாப்பிள்ளை சிரித்தார். "மச்சான் ஜோக்கெல்லாம் அடிப்பியளா?"

நான் எழுந்து போய் டின்னை எடுத்து வந்தேன். அதே வரிசைக் கிரிக்கெட் அட்டைகள் இரண்டு அதில் மீதி இருந்தன. ஒன்றை எடுத்து ஸ்லாப் மேல், உள்ளே இருக்கும் அட்டைக்கு நேராக வைத்துக் காட்டினேன். மேலே வைத்தது இரண்டு பக்கமும் இழை இழையாக வெளியே நின்றது. அவர் விளக்குக் கண்ணாடியை எடுத்து வெகு நேரம் பார்த்தார். அவருடைய காது மடல் சிவந்தது எனக்குத் தெரிந்தது.

"அப்ப எட்டு?"

"எட்டு அவங்க போட்டது."

"அண்ணா," என்றாள் தங்கை, "இத மொதல்லயே கைக்கு சொல்லல?"

"யாரும் கேக்கல."

"யாரும் கேக்கலியா. வாய்ல என்னா வச்சிருந்தே?"

அவள் கேட்டது நியாயம்.

மாப்பிள்ளை கண்ணாடியை மெதுவாக வைத்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அந்தத் தெளிவை நான் மேஸ்திரி முகத்திலும் பார்த்திருக்கிறேன்.

"சரி, ஒடைக்க வேண்டாம். ஒடைச்சாத்தான ரிஸ்க்? இப்பிடியே இங்கிலாந்துக்குக் குடுத்துருவோம். சர்டிஃபைடு எட்டு. நாம பொய் சொல்லல மச்சான். சொன்னது கம்பெனி. அவன் கண்ணாடி வச்சிப் பாத்துப் போட்ட நம்பர். நமக்கு என்ன தெரியும்?"

"நமக்குத் தெரியும்."

"நமக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாதுல்லா."

ஆறு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கம்பெனிக்காரன் கண்ணில் பூ விழுந்திருக்கிறது, மூடு சரியில்லை, தப்பாக எட்டு போட்டுவிட்டான் என்று திட்டியவர் இவர். ஏழாவது ஞாயிற்றுக்கிழமை அவன் கண்ணுக்கு மேல் கண் இல்லை. தங்கையைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. தவணை அவள் வீட்டுக்கு.

நான் பிளையரை எடுத்தேன். கூட்டின் ஒரு மூலையை அதன் வாயில் பிடித்து அழுத்தினேன். ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்த மூலை. பிறகு இரண்டு பலகையையும் விரித்து அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தேன். ஒரு துண்டு பிளாஸ்டிக் தெறித்து மாப்பிள்ளையின் மடியில் விழுந்தது. அவர் அதை எடுக்கக்கூட இல்லை.

"என்ன மச்சான் செஞ்சிட்டிய?"

"இப்ப அது சும்மா அட்டை. வெட்டின அட்டைன்னு எழுதி வேணும்னா அனுப்புங்க. அதுக்கு ஒரு எண் இருந்தா போடட்டும்."

இத்தனை நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. பேசி முடித்ததும் சமையலறைக்குப் போய், வேலை எதுவும் இல்லாமல் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எனக்குப் பின்னால் தங்கை துடைப்பத்தை எடுத்து வந்து, "கால எடுங்க, குத்திடும்" என்று அவரிடம் சொல்வது கேட்டது.

அவர்கள் டீ குடிக்காமல் போனார்கள். அட்டையை நான் டின்னில் போட்டேன். நாலு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. ஆராதனையில் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்தார்கள். தங்கை மட்டும் போனில் பேசுவாள். தவணைக்குத் தன் வளையல்களை அடகு வைத்தாள் என்று அவளே சொன்னாள். என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். அதை அவள் வாங்கிக்கொண்டது எனக்குப் பெரிய உதவி. அட்டையைப் பெட்டியில் சொருகினதற்குப் பெல்ட்டடி பட்ட நாளைவிட அந்த நாலு மாதம் எனக்கு வலித்தது. ஆனால் உடைத்ததற்கு வருத்தப்பட்டேனா என்றால், இல்லை. முதலில் சொல்லாமல் இருந்ததற்குத்தான்.

பிறகு கண்ணாடிக் கட்டடங்களில் மறுபடியும் விளக்கு எரிந்தது. மாப்பிள்ளையை பெஞ்சிலிருந்து இறக்கி ஏதோ பிராஜெக்டில் போட்டார்கள். எண் மட்டும் அதே மூன்று. அடுத்த புது வருடத்துக்கு என்னை மியாப்பூருக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள், போனேன். அவருடைய ஆபீசிலிருந்து இரண்டு தம்பதிகள் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை உள்ளே போய் ஒரு சின்னக் கண்ணாடிச் சட்டத்தை எடுத்து வந்தார். அதற்குள் நகத்தளவு ஒரு காகிதச் சீட்டு. ஸ்லாபின் தலையில் இருந்த சீட்டு. அதில் எட்டு என்று அச்சடித்திருந்தது. உடைந்த துண்டுகளோடு போயிருக்கும் என்று நான் நினைத்தது. துடைப்பத்துக்கு முன்னால் அவர் பொறுக்கியிருக்கிறார்.

"வின்டேஜ் கார்டு ஒண்ணு வச்சிருந்தோம், ஃபேமிலி பீஸ். எய்ட் கெடைச்சது. பாத்தியளா, சர்டிஃபிகேஷன் நம்பர்லாம் இருக்கு."

"வாவ்," என்றார் வந்தவர். சட்டத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மனைவியிடம் கொடுத்தார், அவளும் பார்த்தாள். நாலு பேரும் ஒரு காகிதச் சீட்டைக் கைமாற்றிக் கைமாற்றி மரியாதையாகப் பார்த்தார்கள்.

"கார்டு எங்க சார்?"

"மச்சான் வீட்ல சேஃபா இருக்கு. இல்லையா மச்சான்?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் எனக்கு நாக்கு எழாது. நான் தலையாட்டினேன்.